கருமணலும் குண்டுக் கூட்டணிகளும்

இராஜாக்கமங்கலத்து வயல் கூலிக்கும், கயிறு திரிக்கும் பெண்ணுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் அணுகுண்டோடு என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. அது நமது கடற்கரை மணலிலேயே கிடக்கிறது.

நம் கரையிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் அப்படித்தான் பிறந்தது. மோனசைட்டிலுள்ள தோரியம் அன்று காஸ் விளக்கு மாண்டிலுக்கு உதவிற்று. அதே தோரியத்திலிருந்து அணுகுண்டுக்கு உதவும் யுரேனியம்-233 ஆக்கலாம் என்று தெரிந்ததும் வல்லரசுகளின் கண் இந்த மணல் மீது விழுந்தது. 1944 ஜூனில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் ஒரு கூட்டு ஸ்தாபனம் அமைத்தார்கள். உலகின் யுரேனியத்தையும் தோரியத்தையும் தம் பிடியில் கொண்டுவருவதே அதன் வேலை. குண்டு பிறர் கைக்குப் போகாமல் தடுக்க அவர்கள் கண்ட வழி இது. தம் குண்டை விடமாட்டார்கள். பிறர் நாட்டுக் கச்சாப் பொருளைக் கைப்பற்றுவார்கள்! 1947-இல் திருவாங்கூரைத் தனி நாடாக்க முயன்ற திவான் சி. பி. ராமசாமி ஐயருக்கு இந்த மணல் ஒரு துருப்புச் சீட்டாயிற்று. மணலை வாரிய கூலியாளை யார் கேட்டார்கள்?

அந்தப் புத்தி மாறவில்லை. 1968-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் வந்தது. ஐந்து வல்லரசுகள் குண்டு வைத்துக்கொள்ளலாம், மற்றவர் கூடாது என்பது ஏற்பாடு. ஆயுதக் குறைப்புக்கு மனப்பூர்வமாகப் பேசுவோம் என்று அந்த ஐவரும் கொடுத்த வாக்கு ஏட்டோடு நிற்கிறது. நேட்டோவின் பெயரால் ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, துருக்கி மண்ணில் அமெரிக்கக் குண்டுகள் இருக்கின்றன. இது பரவல் அல்லவாம்! பெலாரஸில் அணு ஆயுதம் வைப்பதாக 2023-இல் ரஷ்யா அறிவித்ததையும் நாம் ஒப்பவில்லை.

நாசகார ஆயுதம் இருக்கிறது என்று சொல்லித்தான் 2003-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் இராக் மீது படையெடுத்தன. தேடினார்கள், அப்படிக் குவித்துவைத்த ஆயுதம் அங்கே இல்லை. குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்ட தளங்களில் ஒன்று டீகோ கார்ஷியா. குமரிமுனையிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். தென்னந்தோப்பில் உழைத்துப் பிழைத்த அத்தீவுக் கூட்டத்து ஜனங்களை 1968 முதல் 1973-க்குள் துரத்திவிட்டே அத்தளம் எழுந்தது.

அணு ஆயுதங்களை அடியோடு தடை செய்யும் ஒப்பந்தம் 2017-இல் ஐ.நா.வில் நிறைவேறி, 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நேட்டோ எதிர்த்தது, வியப்பில்லை. எந்த யுத்தக் கூட்டணியிலும் சேராத இந்தியா ஏன் ஒதுங்கி நின்றது? தில்லி சர்க்கார் பதில் சொல்லட்டும்.