அக்கரைச் சீமையில் குடிக்கூலி

சென்ற வாரம் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் நம்மைத் தேடி வந்தார். நாம் பத்திரிகை நடத்துவதுடன் வக்கீல் தொழிலும் பார்த்து வருவதால், கையில் காகிதத்தோடு வருகிறவர்கள் நமக்குப் புதியவர்களல்லர். ஆனால் இவர் கொண்டு வந்த காகிதம் உள்ளங்கையளவுகூட இல்லை. அதில் இங்கிலீஷில் ஒரு பெயர், படுக்கை என்ற ஒரு சொல், மூன்று மாதத்துக்கு 2,100 திர்ஹம் என்ற தொகை, அதன் கீழே எவராலும் படிக்க முடியாத ஒரு கையெழுத்து. வீட்டின் விலாசமில்லை, வீட்டுக்காரரின் பெயரில்லை, தேதிகூட இல்லை. துபாய்க்கு வேலைக்குப் போன அவருடைய மகன், மூன்று மாதக் கூலியை முன்னதாகவே கொடுத்து, பலகைத் தடுப்புக்குள் ஒரு கட்டிலைப் பிடித்திருந்தான். ஐந்தாவது வாரம் வீட்டின் உண்மையான சொந்தக்காரர் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். பணம் வாங்கிய மனிதர், அவரும் நம் நாட்டவரே, அன்றிலிருந்து டெலிபோனை எடுப்பதில்லை.

“நகையை அடகு வச்சு அனுப்புன காசு, வக்கீலய்யா. இந்தச் சீட்டை வச்சு ஏதும் செய்ய முடியுமா?” என்று பெரியவர் கேட்டார்.

முடியாது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. முடியும் என்று சொல்லச் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

துபாயின் 2007-ம் வருஷத்து 26-ம் நம்பர் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரையில், வீட்டுக்காரர் எழுத்து மூலம் சம்மதித்தாலன்றிக் குடியிருப்பவர் பிறருக்கு உள்வாடகைக்கு விடலாகாதென்று அதன் 24-ம் ஷரத்து கூறுகிறது. மீறி விட்டால், விட்டவரை மட்டுமன்றி அவரிடம் குடி வந்தவரையும் சேர்த்து வெளியேற்ற வீட்டுக்காரருக்குப் பாத்தியதை உண்டென்று 25-ம் ஷரத்து கூறுகிறது. வெளியேற்றப்பட்ட உள்குடியானவனுக்கு மிஞ்சுவது, தன்னிடம் பணம் வாங்கியவன் மீது நஷ்டஈடு கோரும் உரிமை ஒன்றே. அந்த மனிதனைத் தேடிப் பிடிப்பது அவன் பாடு. குடிக்கூலிப் பத்திரங்களைப் பதிவு செய்வதற்கு அங்கே ‘எஜாரி’ என்றோர் ஏற்பாடு இருக்கிறது. பழைய ரிகார்டுகளைப் புரட்டியவர்களுக்கு இந்தச் சொல் அந்நியமாகத் தோன்றாது. நவாபு காலத்திலும் கும்பினியார் காலத்திலும் நம் தாலூகாக்களில் வழங்கிய ‘இஜாரா’வும் இதுவும் ஒரே அரபு வேரிலிருந்து முளைத்தவை. சொல் நம்மூர் வரையில் வந்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் தன் பெயர் ஏற வேண்டுமென்ற எண்ணந்தான் நம்மூர்ப் பையனுக்கு இன்னும் வரவில்லை.

பணத்தை வாங்கியவன் இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வதென்று கேட்கலாம். ஐக்கிய அரபு எமிரேட்ஸின் கோர்ட்டுகள் பிறப்பிக்கும் டிக்ரியை நம் ஜில்லாக் கோர்ட்டிலேயே நிறைவேற்றிக் கொள்ள வழி செய்து, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44-அ பிரிவின் கீழ் 2020 ஜனவரியில் மத்திய சர்க்கார் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறார்கள். மிக நல்ல காரியம். ஆனால் அங்கே டிக்ரி வாங்க வேண்டுமானால் தஸ்தாவேஜு வேண்டும். 2,100 திர்ஹத்துக்காக அந்நிய நாட்டில் வழக்காடுகிறவன் அதைப் போல் இரு மடங்கு செலவழிக்க வேண்டும். ஏழைக்குச் சட்டம் இருப்பதும் இல்லாததும் ஒன்றாகி விடுவது இப்படித்தான்.

துபாய் அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. 2022 செப்டம்பரில், வீட்டில் கூடத் தங்கியிருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் பதிவு செய்ய வேண்டுமென்று நிலத்துறையார் உத்தரவிட்டார்கள். 2025 ஜூனில், அல் ரிக்கா, அல் முரக்கபாத், அல் பர்ஷா, அல் ஸத்வா, அல் ரஃபா ஆகிய பகுதிகளில் அனுமதியின்றித் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகளின் மீது நகரசபையார் நடவடிக்கை எடுத்தார்கள். பலகையும் அட்டையும் வைத்து அடைத்த அறையில் தீப்பிடித்தால் தப்ப வழியில்லை. ஆகவே அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒருவன் ஆசைப்பட்டா அட்டைத் தடுப்புக்குள் போய்ப் படுக்கிறான்? சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்ப வேண்டும், வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். மீதியில் கிடைப்பது கட்டிலே தவிர அறையன்று. தடுப்பை இடிப்பதால் அவன் சம்பளம் உயர்ந்துவிடப் போவதில்லை. அடுத்த தெருவில் வேறொரு தடுப்பைத் தேடிப் போவான்.

துபாயை விட்டுச் சிங்கப்பூரைப் பார்ப்போம். மணமேல்குடியிலிருந்து மீமிசல் வரையில் நமது கரையோரத்தார்க்குப் பாட்டன் காலம் தொட்டுப் பழகிய ஊர் அது. அங்கே குடிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தார் கட்டிய வீடுகளில் வசிக்கிறார்கள். அவ்வீட்டுக்காரர் அறையை வாடகைக்கு விடக் கழகத்தின் அனுமதி பெற வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைத்து விடக்கூடாது. வாடகைக்கு வந்தவர் மறுபடி வேறொருவருக்கு விடவே கூடாது. கட்டடவேலை, கப்பல்பட்டறை முதலியவற்றில் வேலை பார்க்க அனுமதிச்சீட்டில் சென்ற நம்மவர்க்கு அந்த வீடுகளில் வாடகைக்கு இருக்கவே உரிமை கிடையாது. அவர்களுக்கு இடந்தருவது முதலாளியின் பொறுப்பு. அந்த விடுதிகளின் நெருக்கம் எத்தகையதென்பதை 2020-ம் வருஷத்துக் கொள்ளைநோய் உலகத்துக்குக் காட்டிவிட்டது. அறை தேடும் உரிமையுள்ள படித்த பிள்ளைகளுக்கு ஒரு யோசனை சொல்லுவோம். அங்கே குடிக்கூலிப் பத்திரத்துக்கு ஸ்டாம்பு வரி மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 800 டாலர் அறைக்கு ஒரு வருஷத்துக்கு 38 டாலர். இதை மிச்சம் பிடிக்க நினைத்தால், ஸ்டாம்பு இல்லாத பத்திரம் கோர்ட்டில் சாட்சியமாக ஏறாது.

பத்திரத்தையும் வரியையும் விடக் கசப்பான விஷயம் ஒன்றுண்டு. இந்தியர் வேண்டாம் என்று பகிரங்கமாகவே எழுதிச் சிங்கப்பூரில் வாடகை விளம்பரங்கள் வந்ததை 2014-ல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தார் உலகறியச் செய்தார்கள். அதைப் படித்து நம்மில் எவருக்குத்தான் இரத்தம் கொதிக்கவில்லை? ஆயினும், கோட்டைப்பட்டினத்துப் பையன் சென்னையில் வேலை கிடைத்து வீடு தேடிப் போனால் அவனுக்கு என்ன பதில் கிடைக்கிறது? பெயரைக் கேட்டதும் வீடு பேசி முடிந்துவிட்டதாம். சைவம் மட்டும் என்று ஒரு பலகை; பிரம்மசாரிகளுக்கு இல்லையென்று மற்றொன்று; இன்ன ஜாதியா என்பதைச் சொந்த ஊர் எது என்ற கேள்வியால் விசாரித்தறியும் சாமர்த்தியம் வேறு. கரீம் என்றும் கருப்பன் என்றும் பெயருள்ளவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. சொந்த ராஜதானியில் செய்வதையே அயலான் நமக்குச் செய்யும்போது நாம் இடும் கூக்குரலுக்கு எவ்வளவு மதிப்பிருக்கும்?

கூலிக்காரர்களுக்கு மட்டுமே இத்தொல்லை என்று நினைக்க வேண்டாம். இப்போது நமது எஞ்சினீயர்கள் ஸ்வீடன் வரையில் போகிறார்கள். ஸ்டாக்ஹோம் நகரில் வாடகை வீட்டுக்குப் பெயரைப் பதிந்துவிட்டுப் பல வருஷங்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். புதிதாய்ப் போகிறவருக்கு அந்த வரிசையில் இடமேது? ஆகவே ‘இரண்டாங் கை’ வாடகை என்று அவர்கள் சொல்லும் உள்வாடகையே கதி. ஆனால் அங்கே சட்டம் உள்குடியானவனை முற்றிலும் கைவிட்டு விடவில்லை. வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்; அவர் மறுத்தால் வாடகை மன்றத்தில் முறையிட்டு அனுமதி கேட்கலாம். வாடகை வீட்டை எடுத்தவர், தாம் கொடுக்கும் வாடகைக்கு மேல் கட்டில் மேஜைகளுக்காகச் சுமார் 15 சதவீதம் கூட்டலாம். அதற்கு மேல் கறந்திருந்தால் உள்குடியானவர் திரும்பக் கோரலாம். மனம் போன போக்கில் ஏற்றினால் 2019 முதல் தண்டனையும் உண்டு. அப்படியிருந்தும், சாவி தருவதாகச் சொல்லி முன்பணத்தைச் சுருட்டுகிறவர்கள் அங்கும் இல்லாமற் போகவில்லை. அவர்கள் இரை தேடுவது பாஷையும் வழக்கமும் தெரியாத வேற்று நாட்டாரிடத்தில்தான்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. பகலில் ஒரு பெட்டியும் சாய்வு மேஜையும் வைத்துக் கொடுக்கல் வாங்கல்; இரவில் அதே இடத்தில் பாய். கப்பலிலிருந்து இறங்கியவன் எந்தப் படியேற வேண்டுமென்பது புறப்படும்போதே நிச்சயம். 1970-களில் நகரைப் புதுப்பித்தபோது அவை போய்விட்டன. அக்காலம் பொற்காலமென்று நாம் சொல்ல வரவில்லை. அதே மலாய் நாட்டில் தோட்டக் கூலிகள் கிடந்த லயங்களை அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லார். அந்த இழிவும் சேர்ந்தே, 1938-ல் இந்திய சர்க்கார் அங்கே கூலியாட்களை அனுப்புவதையே நிறுத்தும்படி ஆயிற்று. ஆனால் லயத்துக்கும் ஒரு துரை பொறுப்பாளியாக இருந்தான். அவன் பேரில் பிராது கொடுக்கலாம். இன்று கட்டில் வாடகைக்கு எடுத்தவனுக்குப் பிராது கொடுக்கவும் ஒரு பெயர் இல்லை.

பிரயாணத்துக்கு முன் பாஸ்போர்ட்டு, விசா, ஏஜெண்டின் கமிஷன் எல்லாவற்றுக்கும் ஊரே கூடி யோசனை சொல்லுகிறது. போய் எங்கே படுப்பான் என்று கேட்டால், நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதே பதில். அந்த நம்ம ஆளுக்கு வீட்டை விட உரிமை உண்டா என்பதை ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம். 1983-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி முறையாகப் போகிறவனுடைய ஒப்பந்தத்தில் தங்குமிடத்தைப் பற்றி எழுத வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடுகிறவனுக்கோ ஒப்பந்தமே கிடையாது. அவன்தான் இந்த வலையில் அதிகம் விழுகிறான்.

தமிழ்நாட்டு சர்க்கார் 2022 முதல் ஜனவரியில் அயலகத் தமிழர் தினம் கொண்டாடியிருக்கிறார்கள். மாலையும் மேடையும் இருக்கட்டும். துபாய்ச் சட்டத்தின் அந்த இரண்டு ஷரத்துக்களையும், சிங்கப்பூர்க் கழகத்தின் விதிகளையும் நல்ல தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கரையோரத் தாலூகா ஆபீஸ்களில் ஒட்டுவதற்கு எவ்வளவு பணம் பிடிக்கும்? கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம் ஜமாஅத்தார்களும் மீனவ கிராமப் பஞ்சாயத்தார்களும், திரும்பி வந்தவர்களைக் கேட்டு, நம்பத்தக்க வீடுகளுக்கு ஒரு ஜாபிதா வைத்துக் கொள்ளலாம். பணம் விழுங்கியவன் நம் ஊரானாயிருந்தால் அவனைப் பஞ்சாயத்தில் கூப்பிட்டுக் கேட்கவும் வேண்டும். பெரியவருடைய பணத்தை வாங்கியவனுடைய சொந்த ஊர் விலாசம் நம்மிடம் வந்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போவதற்கு முன் அவ்வழியைத்தான் முதலில் முயன்று பார்க்கிறோம்.

வீட்டுக்காரர் சம்மதம், விலாசம், தொகை, தேதி, திருப்பித் தர வேண்டிய முன்பணம் எல்லாம் அடங்கிய மாதிரி ரசீது ஒன்றைத் தமிழிலும் இங்கிலீஷிலும் ஞாயிற்றுக்கிழமை இதழில் பிரசுரிப்போம். கத்தரித்தெடுத்துப் பிரயாணப் பெட்டியில் வைத்துக் கொள்ளலாம். அரபு பாஷையில் அதை எழுதித் தரக்கூடிய ஆலிம்கள் நமது காரியாலயத்துக்கு எழுதினால் அதையும் சேர்த்துக் கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.