தாடி ஓணானுக்குத் துணை எதற்கு?

திரேஸ்புரத்து மதில்களில் பார்த்திருப்பீர்கள்: ஆண் ஓணான் தலையை ஆட்டி ஆட்டி, இன்னோர் ஆணை அண்டவிடாமல் விரட்டும். கண்ணாடிப் பெட்டியில் சிலர் வளர்க்கும் ஆஸ்திரேலியத் தாடி ஓணானும் அதே குடும்பம்தான். “பாவம், தனியாக இருக்கிறதே!” என்று குழந்தைகள் கெஞ்சினாலும், அதனுடன் இன்னொன்றை விட்டுவிடாதீர்கள், சகோதரி.

இரண்டும் ஆண் என்றால் சண்டை. ஜோடி என்றாலோ, ஆணின் ஓயாத தொல்லையிலும் முட்டையிடுவதிலும் பெண் இளைத்துப் போகும். குஞ்சுகள் ஒன்றன் வாலை ஒன்று கடிக்கும். பல்லிக்குப் போல அது மீண்டும் முளைக்காது.

ஒன்றன் மேல் ஒன்று படுத்திருந்தால், ‘ஆகா, என்ன பாசம்!’ என்று பூரிக்காதீர்கள். மேலே இருப்பது விளக்கின் சூட்டைப் பறித்துக்கொள்கிறது. சூடில்லாமல் கீழே இருப்பதற்குத் தின்றது செரிக்காது; சத்தமில்லாமல் மெலிந்துகொண்டே போகும்.

ஏற்கெனவே இரண்டு இருக்கின்றனவா? இன்றே தனித்தனிப் பெட்டியில் விடுங்கள்.