பஞ்சு மில்லும் தாலியும்

அமெரிக்காவில் 1793ஆம் வருஷத்தில் ஈலை விட்னி என்பவர் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் யந்திரம் ஒன்றைச் செய்தார். யந்திரம் வந்தால் அடிமைகளுக்கு வேலை குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ வேறு. கொட்டை நீக்குவது சுலபமாகவே பருத்திக்காடு பெருகிற்று. பருத்தி எடுப்பதற்கோ மனிதர் கைகளே வேண்டியிருந்தன. 1790இல் சுமார் 7 லக்ஷமாயிருந்த அடிமைகள் 1860இல் ஏறக்குறைய 40 லக்ஷமானார்கள். லங்காஷயர் ஆலைகள் பெரும்பாலும் அந்தப் பஞ்சைக் கொண்டே ஓடின. இதற்கு வேதமும் துணை நின்றது. நோவாவின் சாபத்தினால்தான் கறுப்பர் அடிமையானார்கள் என்று பாதிரிகள் பிரசங்கம் செய்தார்கள். ஒரு பெரும் யுத்தம் நடந்த பிறகே 1865இல் அவ்வடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது.

நிற்க. நம் நாட்டில் 1843இலேயே, அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஒப்புக்கொள்ளக்கூடாதென்று கும்பினி அரசாங்கம் சட்டம் செய்தது. ஆனால் பண்ணையாள் கடன் பத்திரத்தால் கட்டுண்டே கிடந்தான். 1976இல்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது.

இனி திண்டுக்கல்லுக்கு வருவோம். வேடசந்தூர் பக்கம் போகிறவர்கள் நூல் மில்களையும், மதிலுக்குள்ளேயே பெண்களுக்கு விடுதி இருப்பதையும் பார்த்திருப்பார்கள். நிரந்தரத் தொழிலாளிகளைக் குறைத்துக்கொண்டு வந்த பல மில்கள், "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் இளம் பெண்களைச் சேர்த்தன. மூன்று வருஷம் விடுதியில் தங்கி உழைத்தால், முடிவில் கல்யாணத்திற்கென்று முப்பதினாயிரம், ஐம்பதினாயிரம் ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும் என்பது ஆசை வார்த்தை. இடையில் நோயுற்றோ, பொறுக்கமாட்டாமலோ வெளியேறினவர்கள் பலர் அந்தப் பணத்தைக் காணவில்லை.

இதிலுள்ள விந்தையைக் கவனியுங்கள். பண்ணையாள் எஜமானுக்குக் கடன்பட்டதால் கட்டுண்டான். இங்கேயோ எஜமான்தான் பெண்ணுக்குக் கடன்காரன்; அவள் கூலி அவன் பெட்டியில் இருக்கிறது. அப்படியிருந்தும் கட்டுண்டவள் அவளே! கூலியை மாதத்திற்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாதென்று 1936இலேயே சட்டம் வந்த நாட்டில்தான் இது நடந்தது.

இத்தனை தந்திரத்துக்கும் முதலாளி புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பெண்ணென்றால் கல்யாணம், கல்யாணமென்றால் நகையும் வரதக்ஷணையும், தாலியில்லாதவள் அமங்கலி என்று நாம் வீட்டில் செய்து வைத்திருந்த விலங்கையே எடுத்து, மில் கதவுக்குப் பூட்டாகப் போட்டுக்கொண்டான். (ஆண்பிள்ளைகளுக்கென்று ஒரு "சுமங்கலன் திட்டம்" ஏன் ஏற்படவில்லையென்று எந்த சாஸ்திரியாராவது சொல்லட்டும்.) வரதக்ஷணை 1961 முதல் சட்டப்படி குற்றம், ஆனால் அதைச் சம்பாதிக்கப் பெண்ணையே அனுப்பும் தகப்பனை யார் கேட்டார்கள்?

2011இல் நெதர்லாந்திலிருந்து வெளியான அறிக்கை முதலியவற்றால் கண்டனம் கிளம்பியபின் பல மில்கள் அந்தப் பெயரை மட்டும் விட்டன. 2021 ஜனவரியில் திண்டுக்கல்லருகே தையல் ஆலையில் வேலை பார்த்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் கொலையுண்டாள். அதன்பின் பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் போராடி, 2022இல் "திண்டுக்கல் ஒப்பந்தம்" ஒன்றை வாங்கியது. மேஸ்திரியின் தொல்லையைப் பயமின்றிச் சொல்ல அங்கே வழி பிறந்தது. மற்ற மதில்களுக்குள்ளும் இது நுழைய வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. புரோகிதரும் நகையுமின்றி, மாலை மாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணம் 1967ஆம் வருஷச் சட்டப்படி செல்லும். அதன் செலவு இரண்டு மாலை. புரோக்கரின் வேனில் மகளை ஏற்றுவதற்குமுன், இந்தச் செலவையும் அவளுடைய மூன்று வருஷத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.