வாரன்டி முடிந்தால் உரிமையும் முடிந்துவிடுமா?

லேப்டாப் திரையில் திடீரென்று பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் வருகின்றன. குறுக்கே கோடுகள் ஓடுகின்றன. கொஞ்ச நாளில் திரை மொத்தமாகக் கறுத்துப்போகிறது. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டால் முதல் பதில் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். "டிரைவரை அப்டேட் பண்ணிப் பாருங்க சார்." பண்ணியாச்சு என்றால், "விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க." அதுவும் ஆயிற்று என்றால் அடுத்த கேள்வி, "எப்ப வாங்கினீங்க?" பதினான்கு மாதம் ஆகிறது என்று சொன்ன நொடியில் பேச்சு மாறிவிடும். வாரன்டி முடிந்துவிட்டது, மதர்போர்டையே மாற்ற வேண்டும், புது லேப்டாப்பில் பாதி விலை ஆகும்.

நான் லண்டனில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். சொந்தக்காரர், நண்பர் யாருக்கு லேப்டாப்பில் பிரச்சினை என்றாலும் வாட்ஸ்அப்பில் முதல் வீடியோ எனக்குத்தான் வரும். அதனால் இந்த உரையாடலைப் பல முறை கேட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என் சொந்த லேப்டாப்புக்காக நானே அதை நடத்தினேன். வாரன்டி அட்டையில் அச்சிட்ட தேதியை நம் ஆட்கள் சட்டமாகவே எடுத்துக்கொள்வதுதான் ஒவ்வொரு முறையும் எனக்கு உறுத்துகிறது. வாரன்டி என்பது கம்பெனி தானாக முன்வந்து தரும் வாக்குறுதி. சட்டம் தரும் உரிமை வேறு. முன்னது முடிந்ததால் பின்னது முடிந்துவிடாது.

இதில் கம்பெனிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2008 ஜூலை 2ஆம் தேதி என்விடியா நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு ஓர் அறிவிப்பு கொடுத்தது. லேப்டாப்களுக்காகத் தயாரித்த முந்தைய தலைமுறை கிராபிக்ஸ் சிப்களில் சில, வழக்கத்தை விட அதிகமாகப் பழுதாகின்றன. அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்றது. காரணம், சிப்பையும் அதன் அடித்தகட்டையும் இணைக்கும் நுண்ணிய ஈயப்பற்றுப் புள்ளிகளிலும் அதைச் சுற்றி ஊற்றிய பசைப்பொருளிலும் இருந்த பலவீனம். லேப்டாப்பை ஆன் செய்தால் சிப் சூடாகி விரிகிறது, அணைத்தால் சுருங்குகிறது. தினம் நாலு தடவை இப்படி நடந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் அந்தப் புள்ளிகளில் மயிரிழை அளவு விரிசல் விழும். திரையில் கோடு வருவது அதன் பிறகுதான்.

அப்போது வந்த முதல் வைத்தியத்தைப் பாருங்கள். டெல் நிறுவனம் பயாஸ் அப்டேட் ஒன்றை வெளியிட்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. அது சிப்பைச் சரிசெய்யவில்லை. மின்விசிறி சுற்றும் முறையை மாற்றி, வெப்பம் ஏறி இறங்குவதைக் குறைக்கப் பார்த்தது. விரிசல் விழுவதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். வாரன்டி முடியும் வரை தள்ளிப்போட்டால் யாருக்கு லாபம் என்று அன்றே பலர் கேட்டார்கள். டெல், ஹெச்.பி. போன்றவை பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை நீட்டித்தன. ஆப்பிள் கதை இன்னும் சுவாரஸ்யம். உங்கள் மெஷின்களில் இருக்கும் சிப்களுக்குப் பாதிப்பில்லை என்று என்விடியா தங்களிடம் உறுதி சொன்னதாகவும், தாங்களே சோதித்தபோது பாதிப்பு இருப்பது தெரிந்ததாகவும் 2008 அக்டோபரில் ஆப்பிள் சொன்னது. கோடிக்கணக்கில் சிப் வாங்கும் கம்பெனிக்கே இந்தப் பதில் என்றால், ஒரே ஒரு லேப்டாப் வாங்கிய நமக்கு என்ன பதில் வரும்?

கடைசியில் வழக்கு கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்குப் போய் 2010இல் சமரசமானது. பழுது நீக்கமோ மாற்று லேப்டாப்போ கிடைத்தது அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும். அதே சிப் உள்ள லேப்டாப் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒன்றும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ரீபாலிங் செய்யும் கடைகளுக்கு வேலை வந்தது. சிலர் மதர்போர்டை வீட்டு ஓவனில் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். சூட்டில் விரிசல் கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்ளும், மறுபடி விடும். இன்றைக்கும் இந்த 'ஓவன் வைத்தியம்' வீடியோவை யாராவது அனுப்புகிறார்கள். தயவுசெய்து சமைக்கும் ஓவனில் இதைச் செய்யாதீர்கள். மதர்போர்டு சூடாகும்போது வரும் புகை உடம்புக்கு ஆகாது.

இது என்விடியாவோடு முடிந்த விஷயம் இல்லை. 2011ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோ மாடல்களில் இருந்த ஏ.எம்.டி. கிராபிக்ஸ் சிப் இதே மாதிரி போனது. பணம் கட்டி போர்டு மாற்றியவர்களுக்கு, மாற்றிய போர்டும் போனது. ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டு, 2014 அக்டோபரில் அமெரிக்காவில் வழக்கும் போட்ட பிறகுதான், 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுது நீக்கத் திட்டத்தை அறிவித்தது. ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குத் திருப்பித் தர ஏற்பாடும் இருந்தது. நியாயமான முடிவுதான். ஆனால் அந்த மெஷின்கள் விற்பனைக்கு வந்தது 2011 பிப்ரவரியில். நான்கு வருடம் யாருடைய காலம்? கோளாறு எந்த மாடலில், எத்தனை சதவீதம் என்பது கம்பெனிக்குத்தான் முதலில் தெரியும். திரும்பி வரும் மெஷின்களின் கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. நமக்கோ, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, "இந்த மாதிரி கம்ப்ளெயின்ட் இப்பதான் சார் கேள்விப்படுறோம்" என்று சொல்கிறார்கள்.

போனில் அதைச் சொல்பவர் மேல் எனக்குக் கோபமில்லை. அநேகமாக அவரும் என்னை மாதிரி பி.இ. முடித்துவிட்டு, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற பையனாக இருப்பார். எழுதிக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம். டிரைவர் அப்டேட், விண்டோஸ் இன்ஸ்டால் என்று வாடிக்கையாளரையே வாரக்கணக்கில் வேலை வாங்குவது நாள் கடத்தும் வழியும்தான்.

அந்த அலைச்சலைக் குறைக்க, போன் செய்வதற்கு முன் வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். லேப்டாப்பை ஆன் செய்ததும் பயாஸ் திரைக்குள் போங்கள். விண்டோஸும் அதன் டிரைவரும் அப்போது எழுந்திருக்கவே இல்லை. அங்கேயே கோடு விழுந்தால் டிரைவரைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, அதைச் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அடுத்து ஒரு டி.வி.யையோ மானிட்டரையோ கேபிளில் இணையுங்கள். அதில் படம் சுத்தமாக இருந்தால், திரையோ அதற்குப் போகும் கேபிளோ போயிருக்கலாம். அது சின்னச் செலவு. அதிலும் அதே கட்டங்கள் என்றால் சந்தேகம் கிராபிக்ஸ் சிப் மேல் விழுகிறது. தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்பில் சாதாரண மெமரியையே படத்துக்கும் பயன்படுத்துவதால், மெமரி சோதனையையும் ஒரு தடவை ஓட்டிவிடுவது நல்லது. பயாஸில் எல்லாம் சரியாக இருந்து விண்டோஸில் மட்டும் தகராறு என்றால், டிரைவரை முதலில் பார்க்கச் சொல்வது நியாயம்தான்.

என் லேப்டாப் பயாஸ் திரையிலேயே கோடு போட்டது, வெளி மானிட்டரிலும் போட்டது. தயாரிப்பாளர் வாரன்டி முடிந்தது என்று கையை விரித்தார். 480 பவுண்ட் ஆகும் என்றார்கள். அதோடு அவர்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, விற்ற கடைக்கு எழுதினேன்.

இங்கே இருக்கும் நம்மவர்களில் பலருக்கு இந்த இடம்தான் தெரிவதில்லை. பிரிட்டனில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி உங்கள் ஒப்பந்தம் விற்றவரோடு, தயாரித்தவரோடு இல்லை. "நீங்க கம்பெனியைப் பாருங்க" என்று கடைக்காரர் சொன்னால் அது சட்டம் ஏற்காத பதில். பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும், அந்தத் தரத்தில் உழைக்கும் காலமும் அடக்கம். முதல் 30 நாளில் கோளாறு என்றால் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்கலாம். ஆறு மாதத்துக்குள் என்றால், வாங்கும்போதே அது இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. ஆறு மாதம் தாண்டினால் நிரூபிக்கும் பாரம் நம் மேல் வரும், ஆனால் உரிமை போகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு வருடம் வரை வழக்குப் போடலாம், ஸ்காட்லாந்தில் ஐந்து. அதற்காக ஆறு வருடம் ஓடியே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. கொடுத்த விலைக்கு நியாயமாக எவ்வளவு நாள் உழைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆயிரம் பவுண்ட் லேப்டாப் பதினான்கு மாதத்தில் போவது நியாயம் என்று எந்த நீதிபதியும் லேசில் சொல்லமாட்டார்.

பக்கத்துக் கடையில் 45 பவுண்ட் கொடுத்து, கிராபிக்ஸ் சிப் பழுது, தண்ணீர் பட்டதற்கோ கீழே விழுந்ததற்கோ அடையாளமில்லை என்று எழுதி வாங்கினேன். அதையும் வீடியோவையும் சேர்த்து, 14 நாள் கெடு கொடுத்துக் கடிதம் அனுப்பினேன். முதல் பதில் வழக்கம்போல மறுப்பு. இரண்டாவது கடிதத்தில், கிரெடிட் கார்டில் வாங்கியதால் கார்டு கம்பெனியிடம் போகிறேன் என்று எழுதினேன். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ள பொருளுக்குக் கார்டு கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு. அதற்குப் பிறகு கடை இறங்கி வந்தது. பதினான்கு மாதம் பயன்படுத்தியதற்குக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள். முழுசாகக் கிடைக்கவில்லை. இரண்டு மாத அலைச்சலும் கணக்கில் சேராது.

அதே மாடல், அதே கோளாறு, கோவையில் என் சித்தப்பா மகனுக்கு வந்தது. பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். லேப்டாப் தவணையில் வாங்கியது. "வாரன்டி தாண்டிருச்சுண்ணே, என்ன பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டு ரீபாலிங் செய்தான். இரண்டு மாதம் ஓடியது. தவணை இன்னும் ஓடுகிறது.

என்ன பண்ண முடியும் என்றால், அங்கேயும் சட்டம் இருக்கிறது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பிரிட்டிஷ் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். பொருளின் தரம் பற்றிய மறைமுக உறுதி அதிலும் உண்டு. 2020 ஜூலையில் நடப்புக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு படி மேலே போய், தயாரிப்பாளரையும் பொறுப்பாளியாக்குகிறது. நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் ஆணையமே பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாலே சில கம்பெனிகள் இறங்கி வருகின்றன.

இந்தியச் சட்டத்தில் எனக்குக் குறையாகப் படுவது, நிரூபிக்கும் பாரம். ஆறு மாதத்துக்குள் வந்த கோளாறு ஆரம்பத்திலேயே இருந்ததாக எடுத்துக்கொள்ளும் விதி பிரிட்டனில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது குறைந்தது ஓராண்டு. இந்தியாவில் முதல் நாளிலிருந்தே பாரம் வாங்கியவர் மேல்தான். லேப்டாப்பின் உள்ளே ஈயப்பற்று விரிந்ததை எடிட்டிங் செய்கிற பையன் எப்படி நிரூபிப்பான்? இந்த ஒரு விதியை மட்டும் சேர்த்தாலே சர்வீஸ் சென்டரில் பேசும் தோரணை மாறும்.

இன்னொன்று இரண்டு நாட்டிலும் இல்லை. பிரிட்டனில் ஒரு காரின் நம்பரைத் தட்டினால் அதற்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று அரசுத் தளத்திலேயே தெரிந்துவிடும். லேப்டாப்புக்கு அப்படி ஒரு பதிவேடு வேண்டும். எந்த மாடலில் எந்தப் பாகம் வழக்கத்துக்கு மேல் பழுதாகிறது என்பதைக் கம்பெனிகள் கட்டாயம் வெளியிட வேண்டும். உயிருக்கு ஆபத்து இல்லையே என்று கேட்பார்கள். சித்தப்பா மகனைப் போல அந்த ஒரு மெஷினை வைத்தே சாப்பிடுபவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

அவனுக்குக் கோளாறு தொடங்கியது போன நவம்பரில். புகார் கொடுக்கச் சட்டம் தருவது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். பில், சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட், பயாஸ் திரை வீடியோ மூன்றும் அவனிடம் இருக்கின்றன. ரீபாலிங் கடைக்காரர் போர்டைத் தொட்டுவிட்டதால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஜாப் ஷீட்டில் இருக்கும் தேதி அதற்கு முந்தையது என்பதுதான் அவன் கையில் இருக்கும் பலம். புகாரை நானும் அவனும் தமிழிலேயே எழுதிக்கொண்டிருக்கிறோம்.