ரயில் வந்தது, சாதி போகவில்லை

2018 ஜூனில் பாட்னாவில் ஐந்து நாட்கள் ஒரு பன்னாட்டு மாநாடு நடந்தது. மார்க்ஸ் பிறந்து 200 ஆண்டுகள் ஆனதையொட்டி, ஆத்ரி என்கிற ஆய்வு நிறுவனம் கூட்டிய மாநாடு அது. மார்க்சின் வாழ்வு, கருத்துகள், தாக்கம் என்பது பொருள்.

இதுபோன்ற கூட்டங்களை ‘ஏசி அறைப் புரட்சி’ என்று கிண்டல் செய்யும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. முதலாளித்துவத்தை விட்டால் வேறு வழியே இல்லை என்று காலை முதல் இரவு வரை ஓதப்படும் நாட்டில், மாற்று குறித்துப் பேச ஐந்து நாள் கிடைப்பது சின்ன விசயமல்ல. என் சிக்கல் வேறு. நான் போய் உட்கார்ந்த மார்க்சியக் கருத்தரங்குகளில் சாதிக்கு ஓர் அமர்வு இருக்கும். பெரும்பாலும் மதிய உணவுக்குப் பிறகு, பாதி நாற்காலி காலியாக இருக்கும் நேரத்தில். மற்ற அமர்வுகளில் ‘தொழிலாளி வர்க்கம்’ என்ற சொல், ஏற்கெனவே ஒன்றாக நிற்கும் ஒரு கூட்டத்தைக் குறிப்பதுபோலவே புழங்கும்.

மார்க்ஸ் சாதியைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1853 ஏப்ரலில் பம்பாயிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆகஸ்டில் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் வந்த அவர் கட்டுரை, இந்திய முன்னேற்றத்துக்குப் பெரும் தடையாகச் சாதியைத்தான் காட்டுகிறது. ரயிலின் பின்னால் வரும் நவீனத் தொழில், சாதி நிற்கும் பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். சாதி ஒரு தடை என்ற முதல் பாதியை நம் தோழர்கள் மறந்துவிட்டார்கள். தானாகக் கரையும் என்ற இரண்டாம் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

கரைந்ததா? அந்த முதல் ரயிலை ஓட்டியது ஜி.ஐ.பி. ரயில்வே. 85 ஆண்டுகள் கழித்து, 1938 பிப்ரவரியில், அதே ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளர்கள் மன்மாடில் மாநாடு கூட்டினார்கள். தலைமை அம்பேத்கர். தொழிலாளர்களுக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதே உரையில் அவர் அடுக்கிய விவரங்களை அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. தீண்டப்படாதவர் ரயில்வேயில் காலம் முழுக்க கேங்மேன்தான். போர்ட்டர் வேலைகூடக் கிடையாது. ஏனென்றால் போர்ட்டர், ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்யவேண்டும்; தீண்டப்படாதவரை வீட்டுக்குள் விடமுடியாது. பம்பாய் ஆலைகளிலும் இதே கதை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிச்சுப் போட வேண்டும் என்பதால் நெசவுப் பிரிவு மூடிய கதவு. மூடி வைத்திருந்தவர்கள் சக தொழிலாளிகள்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஜி.ஐ.பி. ரயில்வேயை 1925லேயே அரசு தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டுவிட்டது. மன்மாடில் கூடியவர்களுக்கு எதிரே நின்றது லாபவெறி பிடித்த தனியார் முதலாளி அல்ல. ‘அது காலனிய அரசு தோழர்’ என்பீர்கள். சரி. விடுதலைக்குப் பிறகு ரயில்வே முழுக்கப் பொதுத்துறை. 2014 மார்ச்சில், மனிதக் கழிவை மனிதர் அள்ளுவது பற்றிய வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் நடக்கும் இந்தக் கொடுமையைக் காலவரையறை வைத்து ஒழிக்கும்படி ரயில்வேக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. மார்க்சின் கட்டுரைக்கு 161 ஆண்டுகள் கழித்து! உடைமை கைமாறியது. தண்டவாளத்தில் வாளியோடு இறங்கும் சாதி மாறவில்லை.

ஆகவே ‘மாற்று’ என்பதைப் பொதுவுடைமை என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்ள முடியாது. நாளை தொழிலாளர் குழுக்களே ரயில்வேயை நடத்தட்டும். அந்தக் குழுவில் கேங்மேனும் ஸ்டேஷன் மாஸ்டரும் சமமாக உட்காருவார்களா, யார் கையால் யார் தண்ணீர் குடிப்பார்கள், கக்கூஸ் கழுவும் முறை யாருக்கு வரும்? மதிப்புக் கோட்பாட்டைவிட இவை சிறிய கேள்விகள் அல்ல. சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். அதற்கும் முன்னால், 1931இல், கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் குடிஅரசு வெளியிட்டது. அதற்குப் பெரியார் எழுதிய முன்னுரையும் இந்த நாட்டில் மேல்சாதி கீழ்சாதி என்பதுதான் முன்னே நிற்கிறது என்றே பேசுகிறது. இருவருமே மார்க்சை ஒதுக்கியவர்கள் அல்ல, அவரோடு வாதாடியவர்கள்.

பாட்னாவுக்கே திரும்புவோம். அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் லட்சுமண்பூர் பாத்தே. 1997 டிசம்பர் 1 இரவு 58 பேரை ரன்வீர் சேனை கொன்ற ஊர். பெரும்பாலோர் தலித்துகள், பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தச் சேனையின் பின்னால் பெரும் நிலக்காரர்கள் மட்டும் இல்லை, சிறு விவசாயிகளும் நின்றார்கள். நிலத்தின் அளவு வேறு, சாதி ஒன்று. கீழமை நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013 அக்டோபரில் பாட்னா உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. வெண்மணியின் தீர்ப்பைப் படித்த நமக்கு இது புதிதல்ல. அங்கேயும் செங்கொடி பிடித்துக் கூலி கேட்டவர்களில் எரிந்தது எந்தச் சாதி என்பதை ‘விவசாயத் தொழிலாளர்’ என்ற சொல்லுக்குள் பல காலம் மூடித்தானே வைத்தார்கள்.

அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாதிக்குத் தனி அமர்வே வேண்டாம். முதல் நாள் காலை, ‘தொழிலாளி வர்க்கம் யார்?’ என்ற அமர்வை வையுங்கள். தண்டவாளத்தில் வேலை செய்த ஒருவரை முதலில் பேசச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் அவருக்குப் பதில் சொல்லட்டும்.