ஒன்றுக்குப் பன்னிரண்டு

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி செல்லும் சாலையில் காடாம்புலியூர் என்னும் ஊர் உள்ளது. முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர் பெற்ற வட்டாரம் அது. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் அல்லவா? எண்ணெய் நிரம்பிய பீப்பாயை லாரியில் ஏற்றும்போது யாரும் அதைத் தூக்குவதில்லை. நீண்ட பலகைகளைச் சாய்த்து வைத்து உருட்டி ஏற்றிவிடுவார்கள். பலகை குட்டையாக இருந்தால், "வேறு பலகை கொண்டு வா" என்பார்கள். சாய்தளத்தின் விதியை அவர்கள் பள்ளியில் படித்தார்களோ இல்லையோ, தோள் அதை அறிந்திருக்கிறது.

அதே சாலையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒரு மூதாட்டியைக் கவனியுங்கள். ஆண்டுக்கணக்கில் தரையில் அமர்ந்து முந்திரி உடைத்த முழங்கால்கள் இப்போது மடங்க மறுக்கின்றன. 2021 முதல் தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் முதற்படி உயரத்தில் இருக்கிறது. மேலே இருப்பவர் கையைப் பிடித்து இழுக்க, கீழே நிற்பவர் முதுகைத் தாங்க, எப்படியோ ஏறுகிறார். பீப்பாய்க்குப் பலகை உண்டு, பாட்டிக்கு இல்லை.

"இப்போதுதான் எல்லா அலுவலகங்களிலும் சரிவுப் பாதை கட்டிவிட்டார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சரிவுப் பாதைகளைப் பற்றித்தான் நான் சொல்ல விரும்புகிறேன். ஓர் அலுவலக வாசலில் (எந்த அலுவலகம் என்பது வேண்டாம்) அளவு நாடாவை வைத்து அளந்து பார்த்தேன். வாசலின் உயரம் 45 செ.மீ. சரிவு தரையில் ஓடும் நீளம் 135 செ.மீ. அதாவது ஒன்றுக்கு மூன்று. உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவோ ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதன்படி அந்த வாசலுக்கு 540 செ.மீ. நீளம் வேண்டும்.

இந்த வேறுபாடு என்ன செய்யும்? மனிதரும் சக்கர நாற்காலியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில், உராய்வை ஒதுக்கிவிட்டால், 7 கிலோவுக்கும் குறைவான எடையைத் தூக்கும் விசை போதும். ஒன்றுக்கு மூன்றில் 25 கிலோவுக்குரிய விசை தேவை. நாற்காலியில் அமர்ந்திருப்பவர் கைகளால் தள்ளும் வளையம் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியது. ஆகவே கைகளுக்கு வரும் சுமை இதைவிடவும் கூடும். செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே. ஆனால் அந்த வேலையைத் தவணையில் செலுத்த விடுகிறோமா, ஒரே மூச்சில் கேட்கிறோமா என்பதில்தான் ஒருவர் தாமாக உள்ளே போவதும் போக முடியாததும் அடங்கியிருக்கிறது.

இதில் அபாயமும் உண்டு. சரிவு செங்குத்தாக ஆக ஆக, ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே வரும் நேர்கோடு பின்சக்கர அச்சை நெருங்குகிறது. தாண்டினால் நாற்காலி பின்புறமாகக் கவிழும். எனவே, "ஒன்றும் இல்லாததற்கு இதாவது இருக்கட்டும்" என்னும் சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். படிக்கட்டாவது தன்னால் ஏற முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. தவறான சரிவு வா என்று அழைத்துத் தள்ளிவிடுகிறது.

ஒரே ஒரு படிதானே என்பாரும் உளர். பல நாற்காலிகளில் முன்சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 10 செ.மீ. படியின் உயரம் 15 செ.மீ. என்றால் அதன் விளிம்பு சக்கர அச்சுக்கு மேலே இருக்கிறது. அப்போது கிடைமட்டமாக எவ்வளவு விசை கொடுத்துத் தள்ளினாலும் சக்கரம் ஏறாது. காகிதத்தில் படம் வரைந்து, விளிம்பைப் பற்றித் திருப்புத்திறனைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இடம் போதவில்லை என்பது அடுத்த காரணம். கொல்லிமலைச் சாலை எவ்வாறு ஏறுகிறது? 70 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறுகிறது. மலைக்குச் செய்யத் தெரிந்த பொறியாளருக்கு, நடுவில் ஒரு சமதளம் விட்டுச் சரிவை இரண்டாக மடிப்பது கடினமா என்ன?

சட்டமும் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகள் 2017இல் வெளிவந்தன. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்தி அமைக்கத் தரப்பட்ட ஐந்தாண்டுக் கெடு 2022இல் முடிந்தது. அளவுகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறியது. அதே ஆண்டு சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர்தான். நிறுத்தத்தில், சக்கரங்களுக்கு மேலுள்ள காற்றுப் பைகளில் அழுத்தத்தைக் குறைத்து ஒரு பக்கமாகத் தாழ்ந்தும் கொடுக்கும். ஆனை மண்டியிடுவது போன்ற காட்சி! காடாம்புலியூர் நிறுத்தத்திலும் அதைக் காண எனக்கு ஆசை.

அதற்கு முன் நீங்கள் ஒன்று செய்யலாம். உங்கள் பள்ளியிலும், ஊரின் நியாயவிலைக் கடையிலும், வங்கியிலும் உள்ள சரிவுகளை அளந்து பாருங்கள். அளவு நாடா ஒன்று போதும். உயரம் அறிய, கொத்தனாரின் ரசமட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீளத்தை உயரத்தால் வகுத்து வந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பெற்றோர் மூலம் கொடுக்கச் செய்யுங்கள். அளக்கும்போது சரிவின் கீழ்முனையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான் போன அலுவலகத்தில் அங்கே மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றிருந்தன.