படக்கதை வீரர்களும் நம் பிள்ளைகளும்



நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கணக்கு நூலுக்குள் ஒரு படக்கதை நூலை மறைத்து வைத்திருந்தான். வகுப்பாசிரியர் அதனைப் பறித்து என் மேசைமேல் வைத்தார். பாடநூலில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் பலமுறை தடுமாறி நிற்பவன் அம்மாணவன். ஆயினும் அப்படக்கதையின் எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாலும் தங்குதடையின்றி வாசித்தான். கண்டிக்க அழைத்த நான் சிந்திக்கத் தொடங்கினேன். அன்று மாலையே அந்நூலை வாசித்து முடித்தேன். பின்னர் அதுபோன்ற வேறு சில நூல்களையும் தேடி வாசித்தேன். அவ்வாசிப்பில் எழுந்த கருத்துகளை இங்கே உங்கள் முன் வைக்கின்றேன்.

அவன் மறைத்து வைத்திருந்தது 'இரும்புக்கை மாயாவி'. 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் இக்கதையே. 1962இல் இங்கிலாந்தின் சிறுவர் வார இதழொன்றில் தோன்றிய தொடர் அது. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றும் ஒருவன் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக் கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் அக்கை தவிர்த்து அவனுடல் முழுவதும் மறைந்துவிடும். அந்த ஆற்றலை அவன் முதலில் தீய வழியிலேயே செலுத்துகிறான். பின்னரே திருந்தி நல்லோர் பக்கம் நிற்கிறான்.

அதே 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகிய இருவரின் கைவண்ணத்தில் 'ஸ்பைடர்மேன்' பிறந்தான். சிலந்தி கடித்ததால் ஆற்றல் பெற்ற அவ்விளைஞன், தன் கண்முன் தப்பியோடும் திருடனைத் தடுக்காமல் தனக்கென்ன என்று நின்றுவிடுகிறான். பின்னர் அதே திருடன் அவனை வளர்த்த பெரியப்பாவையே கொன்றுவிடுகிறான். ஆற்றல் கிடைப்பது பெரிதன்று, அதனை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே பெரிது என்னும் பாடத்தை இவ்விரு கதைகளும் புகட்டுகின்றன.

அண்மைக் கால இதழ்களுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது, 2014இல் தனித் தொடராக ஆங்கிலத்தில் வெளிவரத் தொடங்கிய கமலா கான் என்னும் சிறுமியின் கதை. பாகிஸ்தானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்துப் பெண் அவள். உருமாறும் ஆற்றல் கிடைத்ததும், பொன்னிறக் கூந்தலும் வெண்ணிற மேனியும் கொண்ட வேறொரு வீராங்கனையின் தோற்றத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறாள். பிறகுதான் தன் சொந்த முகத்தோடு நின்று பிறரைக் காக்கத் துணிகிறாள். தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லவும், பிறர் முன் தமிழில் பேசவும் கூச்சப்படும் நம் மாணவர்கள் இக்கதையை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும்.

எனினும் குறைகளை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. இக்கதைகளில் பெரும்பாலான சிக்கல்கள் கைமுட்டியாலேயே தீர்க்கப்படுகின்றன. துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்க முனையும் சிறுவர்களும் உண்டு. இவற்றினும் பெரிய குறை வேறொன்று. ஒருவன் வானத்திலிருந்து வந்து காப்பாற்றும் வரை ஊர்மக்கள் அனைவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கின்றனர்!

நம் வரலாறு அவ்வாறானதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் ஒருவரால் மட்டும் அது நிலைபெறவில்லை. பால்மரம் வெட்டிய கைகள் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணமே தோட்டங்களை வாங்கியது. மாய ஆற்றல் எதுவும் அவர்களிடம் இல்லை, ஒற்றுமை இருந்தது. இக்கதையை நம் பிள்ளைகளுக்கு எவரும் படமாக வரைந்து கொடுக்கவில்லையே என்பதுதான் என் ஏக்கம்.

ஆகவே, பெற்றோர்களே! படக்கதை நூலைக் கண்டதும் கிழித்தெறியாதீர்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். "இவன் செய்தது சரியா? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். எழுத்தறியாத பாட்டியும் இக்கேள்வியைக் கேட்கலாம். மாணவர்களே! பாட வேளையில் பாடம், ஓய்வு வேளையில் கதை என்னும் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். வாசிப்பதோடு நின்றுவிடாமல், உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்த தோட்டத்துக் கதைகளைத் தமிழில் எழுதிப் படம் வரையுங்கள்.

அம்மாணவனிடம் நூலைத் திருப்பிக் கொடுத்தேன். கதையை வகுப்பின் முன் நின்று தன் சொந்த நடையில் சொல்ல வேண்டும் என்பதே நான் விதித்த தண்டனை. அதுவரை வாய் திறவாதிருந்தவன் பத்து நிமிடம் தமிழில் பேசினான், வகுப்பே கைதட்டியது. பிள்ளை விரும்பிப் படிக்கும் தமிழைப் பறித்துவிட்டு, பிள்ளை தமிழ் படிப்பதில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

வாசிப்பு வளர்க! நம் பிள்ளைகள் உயர்க!